தாலுகா அளவில் எல்லா சபைத் தலைவர்களும் சேர்ந்து சுவிசேஷ வேலை: எங்கே தொடங்குவது, எங்கே உடையும்?

கீழ்பவானி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. கோபி, சத்தி பக்கம் சி.எஸ்.ஐ., ஏ.ஜி. (அசெம்பிளீஸ் ஆஃப் காட்), மற்ற பெந்தெகொஸ்தே சபைகள், பிரதரன் சபை, பாப்டிஸ்ட், அதுபோக தனிச்சபைகள்னு எல்லாமே இருக்குது. போதகர் ஐக்கியம்னு ஒண்ணு பேருக்கு இருக்குதுங்க. மாசம் ஒருக்கா கூடுவாங்க. ரெண்டு பாட்டு, ஒரு செய்தி, சாப்பாடு, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு ஒரு ஐக்கிய விழா. சுவிசேஷ வேலைன்னு வந்தா அவங்கவங்க தனியாத்தான் போறாங்க. ஒரே ஊருக்கு மூணு சபை கைப்பிரதி கொண்டு போகுது, அதுக்கு அடுத்த ஊருக்கு ஒருத்தரும் போறதில்லை.

இதை மாத்தணும்னு நாலஞ்சு ஊழியர்கள் பேசிட்டிருக்கறோம். உபதேச வேறுபாட்டுல எதைப் பேசித் தீர்க்கணும், எதை அப்படியே விடணும்? புதுசா விசுவாசத்துக்கு வர்றவங்க எந்தச் சபைக்குப் போறது? பணத்தை யாரு வச்சுக்கறது, பதிவு பண்ணணுமா? முதல்ல பெருசா ஒரு கன்வென்ஷன் வச்சாத்தான் எல்லாரும் சேருவாங்கன்னு சிலர் சொல்றாங்க, அது சரியா?

"ஒருமனமா இருந்து ஜெபிங்க"ங்கற பதில் மட்டும் வேண்டாம்ங்க, அதைப் பண்ணிட்டுத்தான் இருக்கறோம்.

அமராவதிக்கரை:

சபைகளை இணைப்பது ஒரு வேலை. சபைகள் அப்படியே இருக்க, தலைவர்கள் சேர்ந்து ஊழியம் செய்வது வேறு வேலை. இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் இரண்டுமே நடக்காது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பாதி சந்தேகம் அதிலேயே தீரும்.

முதல் வேலைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே கணக்கு உண்டு. 1919-ல் தரங்கம்பாடியில் பேராயர் அசரியாவும் மற்றவர்களும் கூடி ஐக்கியத்துக்கு அழைப்பு விட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது 1947 செப்டம்பர் 27. இடையில் 28 வருஷம். இத்தனை வருஷம் இழுத்தது சுவிசேஷம் பற்றிய சண்டை இல்லை. பேராயர் கை வைத்துப் பட்டம் கொடுக்காத குருமார்களை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதுதான் பெரிய முடிச்சு. கடைசியில் 30 வருஷம் இடைக்காலம் என்று வைத்துத்தான் அவிழ்த்தார்கள்.

கொங்கு நாட்டில் அதன் தடம் இன்னும் தெரியும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் வேலை செய்தது லண்டன் மிஷன். அந்தச் சபைகள் 1908-லேயே தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் போய்விட்டன. கரூரும் தாராபுரமும் வெஸ்லியன் மெதடிஸ்ட். அவர்கள் 1947-ல் வந்தார்கள். கோவை லுத்தரன்கள் வரவே இல்லை, இன்றும் டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) என்று தனியே இருக்கிறார்கள். கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டு ஊழியம் செய்தது ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனுக்காக, அவர்களும் வெளியேதான். ஆனால் இணையாத காலத்திலும் பெரிய மிஷன்கள் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டு, ஒருவர் எல்லையில் மற்றவர் புகுவதைத் தவிர்த்தன. நீங்கள் தேட வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான். பழைய எல்லையையே காட்டி இன்று யாரையும் நிறுத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச்சபைகளும் அதற்கு ஒப்புக்கொண்டவர்கள் அல்ல, ஜனங்களும் மில் வேலை, பனியன் வேலை என்று இடம் மாறிவிட்டார்கள். புதிதாகத்தான் பேச வேண்டும்.

உபதேசம்: புது விசுவாசப் பிரமாணம் எழுத உட்காராதீர்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கூட்டம் ஆகும். 1974-ல் பல சபைப் பிரிவினர் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டின் லொசான் உடன்படிக்கை இருக்கிறது, 15 பத்திகள். அதில் ஏழாவது பத்தி முழுக்க சுவிசேஷ ஒத்துழைப்பைப் பற்றியது, தேவையில்லாமல் ஒரே வேலையைப் பலர் செய்வதை அதுவே குறையாக ஒப்புக்கொள்கிறது. 1951-ல் தொடங்கிய இந்திய சுவிசேஷ ஐக்கியத்தின் விசுவாச அறிக்கையும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்து, தமிழில் உரக்க வாசித்து, ஒப்புக்கொள்பவர் கையெழுத்திடட்டும். திரித்துவத்தை மறுப்பவர் வந்தால் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும். நீங்கள் யாரையும் முகத்துக்கு நேரே வெளியேற்ற வேண்டியதில்லை.

இன்னொரு தாளில், ஐக்கிய மேடையில் பேசாத விஷயங்களை எழுதுங்கள்: குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, அந்நிய பாஷை, பெண்கள் பிரசங்கம், நகை, மருந்து, கடைசிக் கால வரிசை. இவை அற்பம் என்று சொல்லவில்லை. அவரவர் பிரசங்க பீடத்தில் தாராளமாகப் போதிக்கட்டும். இந்தத் தாள் இல்லாத ஐக்கியங்களில் நடப்பது இதுதான்: வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வருவார், உற்சாகத்தில் "தண்ணி தெளிச்சதெல்லாம் ஞானஸ்நானமா?" என்று ஒரு வார்த்தை விடுவார். அடுத்த மாதம் சி.எஸ்.ஐ. ஆயர் (சபைப் போதகர்) வரமாட்டார். அதனால் வெளியூர்ப் பேச்சாளருக்கு இந்தத் தாளை முன்கூட்டியே அனுப்பி, ஒப்புதல் வாங்கிய பிறகே தேதி கொடுங்கள்.

மறு ஞானஸ்நானத்துக்குத் தனி விதி வேண்டும். ஐக்கியத்தில் உள்ள ஒரு சபையின் அங்கத்தினர் இன்னொரு சபையில் முழுக்கு கேட்டு வந்தால், பழைய சபைப் போதகரிடம் முதலில் நேரில் பேச வேண்டும், அதன்பின் கடிதம். அவர் மறுத்தாலும் வந்தவரைத் தடுக்க முடியாதுதான். ஆனால் மூன்றாம் ஆள் வாயிலாகக் கேள்விப்படுவதும் போதகர் வாயாலேயே கேட்பதும் ஒன்றல்ல.

ஐக்கியத்தைக் காட்டுவதற்காக முதல் கூட்டத்திலேயே திருவிருந்து வைக்காதீர்கள். யார் பரிமாறுவது என்பதிலேயே ஆரம்பிக்கும். பிரதரன் சபையார் தங்கள் ஐக்கியத்தில் உள்ளவர்களோடு மட்டுமே அப்பம் பிட்பார்கள். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை. ஜெபமும் வேத வாசிப்பும் எல்லாருக்கும் பொது, அதோடு நிறுத்துங்கள்.

பனியன்நகர்:

கன்வென்ஷன் முதல்ல வேண்டவே வேண்டாம்ங்க. சேர்ந்து ஒரு சின்ன வேலை கூடச் செய்யாத ஆளுங்க சேர்ந்து ஒரு மேடை போட்டா, மேடைக்காகத்தான் சண்டை வரும். பிளெக்ஸ்ல யார் போட்டோ பெருசு, யார் பேர் மேல, கடைசி ஜெபம் யாருக்கு, இதுதான் மூணு மாசப் பேச்சா இருக்கும். போட்ட கடன் ஒருத்தர் தலையில விழும்.

முதல் வேலை யாருக்கும் சொந்தமில்லாத வயல்ல இருக்கட்டும். திருப்பூர்ல அது வடமாநிலத் தொழிலாளிங்க. ஒடிசா, ஜார்கண்ட், பீகார், வங்காளம், அசாம்னு வந்து காம்பவுண்டு ரூம்ல தங்கியிருக்கறாங்க. ஜார்கண்ட், ஒடிசா ஆதிவாசிங்கள்ல நிறையப் பேரு ஊருலயே கிறிஸ்தவங்க. இங்க வந்து தமிழ் ஆராதனையில ஒண்ணும் புரியாம உட்கார்ந்திருப்பாங்க, இல்லாட்டி எங்கயும் போகாம விட்டுடுவாங்க. எந்தச் சபைக்கும் இந்தி, ஒடியா தெரிஞ்ச ஊழியர் தனியா வைக்கக் கட்டுபடியாகாது. அஞ்சாறு சபை சேர்ந்தா முடியும். ஆளைப் பறிச்சுட்டாங்கங்கற பேச்சும் வராது, ஏன்னா அவங்க யாரோட ஆளும் இல்லை. பனியன் கம்பெனியில சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு. காலையில சமையல், துணி துவைக்கறது, மத்தியானத்துக்கு மேல சந்தை, மார்க்கெட். அதனால ஞாயிறு 11 மணியில இருந்து 1 மணிக்குள்ள வைங்க. உங்க சபைங்க தமிழ் ஆராதனை அப்பத்தான் நடக்கும்னா ஆராதனை இல்லாத ஒரு கட்டடம் வேணும். ஸ்கூல் ஹால் கேளுங்க.

கோபி பக்கம்னா ஊர் வேலைதான் வரும்னு நினைக்கிறேன். தாலுகா வரைபடத்தை எடுத்து, ஊராட்சி வாரியா கிராமம், காலனி, தோட்டத்துச் சாளை எல்லாத்தையும் எழுதுங்க. எந்தச் சபை வாரம் தவறாம போகுதோ அதுக்கு மட்டும் பச்சைப் பொட்டு. வருஷத்துக்கு ஒருக்கா கைப்பிரதி குடுத்ததெல்லாம் கணக்குல வராதுங்க, இதுல மட்டும் கறாரா இருங்க. இல்லாட்டி எல்லாரும் எல்லா ஊருலயும் பொட்டு வைப்பாங்க. பொட்டு இல்லாத ஊரை ரெண்டு ரெண்டு சபைக்குச் சேர்த்துக் குடுங்க, அதுல ஒண்ணு பழைய சபையாவும் ஒண்ணு பெந்தெகொஸ்தேயாவும் இருக்கட்டும். ஒரே மாதிரி ரெண்டைச் சேர்த்தா பாதிதான் ஐக்கியம். வருஷம் முழுக்க ஒருத்தரும் போகலைன்னா அந்த ஊரை வேற ஜோடிக்கு மாத்திக் குடுக்கணும், அதையும் முதல்லயே எழுதிடுங்க.

ஆள் கணக்கு: ரெண்டு பேர் கொண்ட ஜோடி, நின்னு பேசற மாதிரி போனா ரெண்டு மணி நேரத்துல 20, 25 வீடு. 250 வீடு இருக்கற ஊருக்கு ஒரு காலை நேரம்னா 10, 12 ஜோடி. ஜோடியில ஒரு பொம்பளையாவது இருக்கணும். பகல்ல வீட்டுல இருக்கறது அவங்கதான். சம்மதம் கேட்டுட்டுக் குடுக்கணும், வேண்டாம்னா கும்பிட்டுட்டு அடுத்த வீடு. பாரியூர்க் குண்டம், பண்ணாரிக் குண்டம் சமயத்துல அந்தப் பக்கம் கைப்பிரதியோட போகவே கூடாது. அது சட்டத்துக்கு முன்னாடி மரியாதை.

புது ஆளு எந்தச் சபைக்குன்னு கேட்டீங்களே, அதுக்கு ஒரு அட்டை போதும். போஸ்ட் கார்டு அளவு, கார்பன் வச்சு ரெண்டு பிரதி. பேரு, ஊரு, போன் நம்பர். அதுக்குக் கீழ மூணு கேள்வி:

இதுக்கு முன்னாடி எந்தச் சபைக்காவது போயிட்டிருக்கீங்களா?
இன்னிக்கு யார் கூட வந்தீங்க?
உங்க வீட்டுக்கு நாங்க வரலாமா, போன் மட்டும் போதுமா?

முதல் கேள்விக்குப் பதில் இருந்தா அட்டை அந்தச் சபைக்கு. அது ஐக்கியத்துல இல்லாத சபையா இருந்தாலும் அங்கதான் போகணும். இல்லாட்டி கூட்டிட்டு வந்தவங்க சபைக்கு. ரெண்டும் இல்லைன்னா அந்த ஊரை எடுத்த ஜோடியில கிட்ட இருக்கற சபைக்கு. தூரம் சமம்னா மாத்தி மாத்தி. 48 மணி நேரத்துக்குள்ள போன் பண்ணணும், ஏழாம் நாள் மேற்பிரதியில "பேசியாச்சு"ன்னு எழுதி ஒருங்கிணைப்பாளருக்குத் திரும்பணும். திரும்பலைன்னா அடுத்த சபைக்குப் போயிடும். இந்த ஏழாம் நாள் விதியை விட்டா அட்டையெல்லாம் மேசை டிராயர்லயே கிடக்கும்.

மூணாவது கேள்வியை எடுத்துடாதீங்க. வீட்டுக்குத் தெரியாம கூட்டத்துக்கு வந்த பொண்ணு வீட்டு வாசல்ல பைபிளோட நாலு பேர் போய் நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பின்னாடி கன்வென்ஷன் வச்சீங்கன்னா: பிளெக்ஸ்ல முகம் வேண்டாம். தேதி, இடம், நேரம், சபைப் பேரு அகர வரிசையில. மேடையில அஞ்சு நாற்காலிக்கு மேல வேண்டாம். பொன்னாடை கிடையவே கிடையாது. ஒருத்தருக்குப் போர்த்தினா எல்லாருக்கும் போர்த்தணும், முக்கால் மணி நேரம் அதுலயே போயிடும், ஜனங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. வார்டு கவுன்சிலர்ல இருந்து மேல யாரு வந்தாலும் கீழ முன்வரிசை, மைக் இல்லை.

நொய்யல்:

பணமும் சட்டமும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் வருஷம் பதிவே தேவைப்படாத அளவுக்குச் செலவைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு அழைத்த சபையின் பொறுப்பு, கைப்பிரதியை அவரவர் வாங்கி வரலாம், பெட்ரோல் அவரவர் கைக்காசு. பொதுவாகப் பணம் சேர்க்க ஆரம்பித்தால் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கிலோ ஜி-பே எண்ணிலோ வாங்காதீர்கள். நல்லவரே ஆனாலும் அது அவருடைய வருமானமாகத்தான் தெரியும். அந்த நிலை வந்ததும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவு செய்யுங்கள்; குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். டிரஸ்டாகவும் போகலாம். ஆனால் டிரஸ்டில் ஸ்தாபகர் என்று ஒருவர் பெயர் நிற்கும், அவருக்குப் பிறகு அவர் பிள்ளை என்று போகும். பல சபைகள் சேர்ந்த அமைப்புக்கு வருஷாவருஷம் பொதுக்குழு கூடிக் கணக்கு ஒப்படைக்கும் சங்கமே பொருத்தம். சங்கத்தின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. அந்த இரண்டு பேரும் ஒரே சபைப் பிரிவாக இருக்கக் கூடாது.

சந்தா எல்லாருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். மாதம் 200 ரூபாய் என்றால் பெரிய சி.எஸ்.ஐ. சேகரமும் (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டம்) 200, ஓட்டு வீட்டுச் சபையும் 200. பெரிய சபை அதிகம் கொடுக்க முன்வரும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். 20,000 கொடுத்தவர் பேச்சும் 200 கொடுத்தவர் பேச்சும் கூட்டத்தில் ஒரே எடையாக இருக்காது.

வெளிநாட்டுப் பணம்: இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "எங்க சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கு, நாங்க வாங்கி ஐக்கியத்துக்குத் தர்றோம்" என்று ஒருவர் நல்லெண்ணத்தில் சொல்வார். எஃப்.சி.ஆர்.ஏ. என்பது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அமைப்பு வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது, எதிர்த்தரப்புக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. இருந்தாலும் கூடாது. கொடுத்தால் போவது அவர்களுடைய பதிவு. நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50-லிருந்து 20 சதவீதம் ஆகிவிட்டது. ஆகவே ஐக்கியம் உள்ளூர்ப் பணத்திலேயே நடக்கட்டும். வெளிநாட்டுக்காரர் வந்து மேடையில் கவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிரசங்கம் பற்றி: அரசியல் சட்டம் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் கைவிடப்பட்டது. இங்கே தனிச் சட்டம் இல்லை என்று தைரியமாக இருக்கும் குழுக்கள் தாளவாடி தாண்டி சாம்ராஜ்நகர் பக்கம் போய்விடுவார்கள். அது கர்நாடகம், அங்கே 2022-ல் சட்டம் போட்டார்கள். எல்லை தாண்டும் முன் அங்கேயுள்ள வக்கீலிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள். இந்தப் பக்கமும் மற்ற தெய்வங்களைப் பழித்து ஒரு வார்த்தை பேசினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 299 (மத உணர்வைப் புண்படுத்துவது), 196 (பகை மூட்டுவது) பிரிவுகள் இருக்கின்றன. இன்று எல்லார் கையிலும் செல்போன்.

அரிசி, நோட்டு, மருந்து கொடுக்கும் வேலையையும் சுவிசேஷக் கூட்டத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும், ஆசை காட்டியதாக எழுத அதுவே போதும். வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேறு மதத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் பெற்றோர் கையெழுத்து வாங்கிய தாள் கையில் இருக்க வேண்டும். நோட்டீஸில் "சர்க்கரை வியாதி குணமாகும்", "புற்றுநோய் சுகம்" என்று அச்சடிக்காதீர்கள். மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் 1954 என்று ஒன்று இருக்கிறது. "வியாதியஸ்தருக்காக ஜெபிக்கப்படும்" என்பதோடு நிறுத்தலாம்.

ஞானஸ்நானப் படமும் எண்ணிக்கையும் வாட்ஸ்அப்பில் போகவே கூடாது. எஸ்.சி. சான்று உள்ளவர் கிறிஸ்தவரானால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பி.சி.யில் வருவார். எஸ்.டி.க்கு அந்த மத நிபந்தனை இல்லை. இதை ஒருவருக்கு முன்கூட்டியே உள்ளபடி சொல்வது போதகரின் கடமை. சொல்லாமல் மறைத்துவிட்டு, பிறகு அவர் படத்தையும் போட்டு "இத்தனை பேர்" என்று எழுதுவது பெரிய அநியாயம்.

மைக்: கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர் அலுவலகம். மற்ற இடங்களில் காவல் நிலையம் வழியாக டி.எஸ்.பி. திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இடத்துக்காரரின் சம்மதக் கடிதத்தை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல்தான் பெரும்பாலும் கடைசி நாளில் திருப்பி அனுப்புவார்கள்.

மலையடிவாரம்:

மேலே சொன்னதெல்லாம் சரிதானுங்க. ஆனா உபதேசத்தால உடையற ஐக்கியத்தை விட சாதியால உடையறது அதிகம், அதை யாரும் எழுதலை. கொங்குல ஊர்ச் சபைகள் நிறைய காலனியில இருக்குது. டவுன் சபைகள்ல தெற்கத்தி ஜில்லாவுல இருந்து வியாபாரத்துக்கும் வேலைக்கும் வந்த குடும்பங்கதான் கமிட்டி. ஐக்கியம்னு சொன்னா கூட்டம் டவுன் சபை ஹால்ல, பேசறது டவுன் போதகர், நாற்காலி தூக்கறது காலனிப் போதகர். ஆறு மாசத்துல அவரு வர்றதை நிறுத்திடுவாரு. ஏன்னு யாரும் கேட்க மாட்டாங்க, "ஆவிக்குரிய வளர்ச்சி இல்லை"ன்னு முடிச்சுடுவாங்க.

மூணு விஷயம் பண்ணுங்க. கூட்டத்துல ரெண்டுக்கு ஒண்ணு காலனிச் சபையில நடக்கட்டும், அங்கயே சமைச்சு அங்கயே எல்லாரும் சாப்பிடட்டும். டப்பாவுல கட்டிட்டுப் போறது கூடாது. வேத பாடம் எடுக்கற முறை எல்லாருக்கும் வரிசையா வரட்டும், பி.டி. (இறையியல் பட்டம்) படிச்சவரா இல்லையான்னு பார்க்க வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு மூணு வருஷத்துல ஒரு தடவையாவது ஊர்ச் சபைக்கு வரணும்னு விதியிலயே எழுதணும், "தகுதியானவர் கிடைச்சா"ங்கற வார்த்தை இல்லாம.

அப்புறம், பொம்பளைங்க. மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப தினம் வருஷாவருஷம் சபை வித்தியாசம் பார்க்காம அவங்க நடத்தறாங்க. ஆம்பளைங்க புதுசா ஐக்கியம் கண்டுபிடிக்கப் போறதுக்கு முந்தி அந்த அக்காமாருங்க கிட்ட யார் யார் வீட்டுக்கு யாரு போக முடியும்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

கீழ்பவானி:

ரொம்ப நன்றிங்க. வரைபடத்தையும் அட்டையையும் இந்த மாசமே ஆரம்பிச்சுடறோம். ரெண்டு சந்தேகம் மிச்சம் இருக்குது. எங்க பக்கம் சி.எஸ்.ஐ. ஆயர் நல்ல ஆர்வமானவரு, அவரையே ஒருங்கிணைப்பாளரா போட்டா என்னங்க? ரெண்டாவது, பிரதரன் சபைக்கு ரெண்டு தடவை அழைப்பு குடுத்தும் பதிலே இல்லை. விட்டுடலாமா?

பனியன்நகர்:

வாட்ஸ்அப் குழுவுக்கும் விதி போட்டுக்கங்க, இதைச் சொல்ல மறந்துட்டேன். அட்மின் மட்டும் பதிவு போடற மாதிரி வைங்க. அறிவிப்பு, ஜெபக் குறிப்பு, மரணச் செய்தி, அவ்வளவுதான். இல்லாட்டி காலையில அஞ்சு மணிக்கே நாப்பது வாக்குத்தத்தப் படம் வந்து விழும், கூட்டம் இடம் மாறின சேதி அதுக்குள்ள மறைஞ்சு போயிடும்.

அமராவதிக்கரை:

ஆயரை ஒருங்கிணைப்பாளராகப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சி.எஸ்.ஐ. ஆயர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். தனிச்சபைப் போதகர் சாகும் வரை அங்கேயே இருப்பார். ஆயரை நம்பிக் கட்டிய ஐக்கியம் மாற்றல் உத்தரவோடு முடிந்துபோகும். தனிச்சபைப் போதகரை நம்பிக் கட்டியது அவருடைய சொத்தாகிவிடும். ஆகவே பொறுப்பு ஒரு வருஷம்தான், சபை வரிசைப்படி சுற்றி வரட்டும். ஏழு பேர் குழுவில் ஒரே பிரிவிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். சி.எஸ்.ஐ. இடத்தை ஆளுக்குக் கொடுக்காமல் சேகரத்துக்குக் கொடுங்கள். ஆயரோடு சேகரச் செயலாளரையும் மாற்று உறுப்பினராக எழுதி வைத்தால், புது ஆயர் வந்ததும் அறிமுகப்படுத்த உள்ளே ஒரு ஆள் இருப்பார்.

இந்த வருஷமே அவர் வருவதானாலும் திருமண்டல (பேராயரின் ஆளுகைப் பகுதி) அலுவலகத்துக்குத் தெரிவித்து அனுமதி வாங்குவது நல்லது. தன் ஆலயத்தில் வெளிப் பிரசங்கியாரை ஏற்றுவது அவர் ஒருவர் மட்டும் முடிவு செய்யும் காரியம் இல்லை, தனிச்சபைக்காரர்களுக்கு இது புரியாமல் "ஐயா பின்வாங்குறார்" என்று நினைத்துவிடுவார்கள். வேலை தெற்கே விரிந்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: தாராபுரம் பக்கம் கோவைத் திருமண்டலம் இல்லை, திருச்சி-தஞ்சை. அங்கே தனியாகக் கடிதம்.

பிரதரன் சபை விஷயத்தில், அழைப்பை யார் பெயருக்கு எழுதினீர்கள் என்று பாருங்கள். "பாஸ்டர் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தால் அங்கே அதைப் பிரிக்கவே ஆள் இருந்திருக்காது. சபையை நடத்துவது மூப்பர்கள். "சபை மூப்பர்களுக்கு" என்று எழுதி, ஞாயிறு காலை அப்பம் பிட்கும் ஆராதனை முடிந்தபின் இரண்டு பேராக நேரில் போய்க் கொடுங்கள். கூட்டத்துக்கு வாருங்கள் என்று கேட்க வேண்டாம். பெண்கள் பேசும் மேடையிலோ கைதட்டிப் பாடும் ஆராதனையிலோ உட்காருவது அவர்களில் பலருக்கு மனச்சாட்சிப் பிரச்சினை. வரைபடத்தைக் காட்டி, "இந்த ஊர்களில் நீங்கள் எங்கெங்கே வாராவாரம் போகிறீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்வார்கள். அந்த ஊர்களுக்குப் பச்சைப் பொட்டு வைத்துவிட்டு வேறு யாரையும் அங்கே அனுப்பாமல் இருந்தால், குழுவில் கையெழுத்துப் போடாமலே அவர்கள் வேலைக்குள் வந்துவிட்டார்கள். அட்டையில் அவர்கள் சபைப் பெயர் வந்தால் அங்கேயும் அனுப்புங்கள்.

கடிதத்தில் நேரத்தையும் எழுதுங்கள். வெள்ளி, சனி பல சபைகளில் உபவாச ஜெபம், மாதம் முதல் தேதி வாக்குத்தத்த ஆராதனை, லெந்து காலத்தில் சி.எஸ்.ஐ.க்கு மாலைக் கூட்டங்கள். செவ்வாய் காலை 10 முதல் 12 வரை பெரும்பாலும் யாருக்கும் இடிக்காது. முதல் 40 நிமிஷம் ஜெபம், அரை மணி வேத பாடம், மீதி நேரம் வரைபடமும் அட்டையும்.